மீட்டெடுத்த சொற்கள்

சொல்லையே தொழிலாகக் கொண்ட கலைஞர் சொல்லை இழந்துவிட்டால் அவர்க்கு எஞ்சுவது யாது? அமெரிக்க நடிகை பாட்ரிசியா நீல் அம்மையாரின் வாழ்வு இவ்வினாவை நேர்கொண்ட வாழ்வாகும்.

1926ஆம் ஆண்டு கெண்டக்கி மாநிலத்தில் பிறந்த அவர், டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில் வளர்ந்தார். நாடக மேடையில் புகழ் பெற்றுத் திரையுலகிற்கு வந்தார். 1953இல் எழுத்தாளர் ரோல்டு டாலை மணந்தார். 1960இல் கைக்குழந்தையான மகன் விபத்தில் தலையில் காயமுற்றான். 1962இல் மூத்த மகள் ஒலிவியா தட்டம்மையால் விளைந்த மூளை அழற்சிக்கு ஏழு வயதில் பலியானாள். துயர் ஆறாத நிலையில், 'ஹட்' திரைப்படத்திற்காக 1964இல் சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கர் விருது அவரை வந்தடைந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், கருவுற்றிருந்த வேளையில், அவரது மூளையின் குருதிக்குழாய் வெடித்தது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் நினைவிழந்து கிடந்தார். கண் விழித்தபோது வலப்பக்கம் செயலற்றிருந்தது, பேச்சு குழறியது, நன்கறிந்த பொருள்களின் பெயர்களும் நாவில் எழவில்லை. அப்போது அவர்க்கு வயது 39. ஆகஸ்டில் பெண்மகவு நலமாகப் பிறந்தது.

இங்கிலாந்தின் கிரேட் மிசெண்டன் சிற்றூரில் இருந்தது அவர்தம் இல்லம். மனைவிக்கு இடைவிடாப் பயிற்சி வேண்டும் எனத் துணிந்த டால், அண்டை அயலாரின் உதவியை நாடினார். மருத்துவம் பயிலாத அவர்கள் முறைவைத்து வந்து, பேசவும் படிக்கவும் எண்ணவும் பழக்கினர். கணவரின் கண்டிப்பு அம்மையார்க்குக் கசந்தது. முயற்சியைக் கைவிட எண்ணிய நாள்களும் உண்டு. ஆயினும் பயிற்சி நிற்கவில்லை. 1967இல், மூளைப் பாதிப்புற்ற சிறார்க்காக நியூயார்க்கில் நிகழ்ந்த விழாவில் மேடையேறிப் பேசினார். 1968இல் 'தி சப்ஜெக்ட் வாஸ் ரோசஸ்' படத்தில், உரையாடல்களை நினைவிற்கொள்ள இடர்ப்பட்டும் நடித்து முடித்து, மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

உதவிய அயலாருள் ஒருவரான வேலரி ஈட்டன் கிரிஃபித், அப்பட்டறிவை 1970இல் நூலாக்கினார். தன்னார்வலர் பக்கவாத நோயாளர்க்கு உதவும் முறை பிரிட்டனில் அவ்வழியே வேரூன்றியது. 1978இல் நாக்ஸ்வில் நகரில் அம்மையார் பெயரால் மறுவாழ்வு மையம் தோன்றிற்று. அதன் வளர்ச்சிக்காக உழைத்த அவர், அங்குள்ள நோயாளர்களைக் கண்டு ஊக்கமூட்டினார்; பக்கவாதத்தால் முடங்கியோர்க்காகப் பொதுமேடைகளில் குரல் கொடுத்தார்.

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், தம் 84ஆம் வயதில் மறைந்தார். அயலார் தந்த நேரத்தால் மீண்ட சொற்களை, பேச இயலாத பிறர்க்காகவே அவர் செலவிட்டார்.