கையும் கருத்தும்

சுவீடன் நாட்டுச் சிற்றூர்களில் நீண்ட குளிர்காலம் கைவேலைக்குரிய காலமாக இருந்தது. பனி மூடிய நாள்களில் மக்கள் வீட்டிலிருந்தபடியே கரண்டியும் கருவிகளுக்கான கைப்பிடியும் செதுக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகவே அவ்வழக்கம் மங்கியது. மறையவிருந்த அத்திறனைப் பள்ளிக்குள் கொண்டுவந்து கல்வியாக்கியவர்களுள் தலையாயவர் ஓட்டோ சாலமன்.

சாலமன் 1849ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் ஆகஸ்ட் ஆபிரகாம்சன் பெருவணிகர். 1868இல் நேஸ் என்னும் பண்ணையை வாங்கியவர். அவருக்குத் துணையாக அங்குச் சென்ற சாலமன், 1872இல் அவருடைய ஆதரவுடன் சிறுவர்க்கான தொழிற்பள்ளியைத் தொடங்கினார்.

1877இல் பின்லாந்து சென்று கல்வியாளர் யூனோ சிக்னேயஸைச் சந்தித்தது அவர் சிந்தனையை ஆழப்படுத்தியது. மரவேலை தச்சராகப் போகிறவர்க்கு மட்டும் உரியதன்று. உழைப்பில் மதிப்பையும் கவனத்தையும் தற்சார்பையும் எல்லாக் குழந்தைகளிடத்தும் வளர்க்கும் கல்வி அது என்று தெளிந்தார். அதற்கு ‘ஸ்லாய்டு’ என்பது பெயர்.

எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் மாதிரிப் பொருள்களின் வரிசையை அவர் வகுத்தார். குழந்தை தொடக்கநிலையில் கத்தியால் பூச்செடிக்கு ஊன்றும் குச்சி போன்றவற்றைச் சீவும். பின்னர் ரம்பமும் இழைப்புளியும் பழகிக் கரண்டி, பெட்டி எனப் படிப்படியாக முன்னேறும். ஒவ்வொன்றும் வீட்டில் பயன்படும் பொருளாகவே இருந்தது.

எல்லார்க்கும் ஒரே நேரத்தில் ஒரே பயிற்சி தருவது ஆசிரியர்க்கு எளிது; செலவும் குறைவு. சாலமன் அதனை ஏற்கவில்லை. அவ்வாறு செய்தால் விரைந்து கற்பவன் காத்திருப்பான். மெல்லக் கற்பவன் அரைகுறை வேலையோடு அடுத்ததற்கு இழுத்துச் செல்லப்படுவான். ஆகவே, ஒரே அறையில் ஒருவன் குச்சி சீவ, மற்றொருவன் கரண்டி குடைவான். யாரும் யாரையும் முந்தவேண்டியதில்லை.

ஆசிரியர்க்கு அவர் விதித்த கட்டுப்பாடு இன்னும் கடினமானது. பிழையைக் காணலாம், வழி காட்டலாம், மாணவனின் வேலையைத் தம் கையால் செய்து தரலாகாது. ஆசிரியர் திருத்தினால் கரண்டி அழகாகும்; ஆனால், அது மாணவனுடையதாகாது. தன்னால் இயலாது என்ற எண்ணமே அவனிடம் எஞ்சும்.

நேஸில் நடந்த பயிற்சிக்குப் பல நாட்டு ஆசிரியர்கள் வந்தனர். 1898இல் மறைந்த ஆபிரகாம்சன் பண்ணையை நாட்டுக்கே உரிமையாக்கினார். இறுதிவரை அப்பணியில் நிலைத்திருந்த சாலமன் 1907இல் மறைந்தார். ஒரு சிறுவன் தானே செதுக்கிய கோணல் கரண்டியும் கல்வியின் பயனே என்பதை ஆசிரியர்க்கு உணர்த்தியது அவர் வாழ்வு.