சட்டிக்கு அடியில பேர் இருக்கா?

எளாவூர்ல எங்க வீட்டு மீன் குழம்புச் சட்டியைக் கவிழ்த்துப் பாருங்க. கரி இருக்கும், பேர் இருக்காது. அதைச் செஞ்சவர் யாருன்னு வாங்கின எங்களுக்கும் தெரியாது.

சீனாவுல யிஷிங்னு ஒரு ஊர். சுமார் 500 வருஷமா அங்க இரும்புச்சத்து உள்ள ஒரு மண்ணுல டீ பாட் செய்யறாங்க. மண்ணைத் தட்டித் தகடாக்கி, ஒட்டி உருவாக்குவாங்க. கிளேஸ் பூச மாட்டாங்க. கவிழ்த்தா, அடியில செஞ்சவரோட முத்திரை இருக்கும். அந்தப் பேருக்காகவே விலை ஏறும்.

ரெண்டும் சுட்ட மண்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? அதை யோசிக்கும்போது எனக்கு ஞாபகம் வர்றவர் சர்தார் குருசரண் சிங்.

காஷ்மீர்ல வளர்ந்தவர். ஜம்மு கல்லூரியில ஜியாலஜி படிச்சார். நம்ம பாஷையில சொன்னா, நல்ல டிகிரி. 1918-ல் படிப்பு முடிஞ்சதும், அப்பாவோட நண்பர் ராம் சிங் காபுலி டெல்லியில நடத்தின மண்பாண்டத் தொழிலகத்துல சேர்ந்தார். அந்தக் காலத்துல படிச்ச பையன் மண் பிசையப் போறதுன்னா என்னன்னு நினைச்சுப் பாருங்க. இந்தியாவுல அது பிறப்பால வர்ற தொழில். டிகிரி வாங்குறதே அதுல இருந்து விலகத்தான்.

டெல்லியில அப்துல்லான்னு ஒரு பரம்பரைக் கைவினைஞர் இருந்தார். பழைய கட்டடங்கள்ல பார்க்குற நீல ஓடு, நீலப் பாத்திரம் செய்யற பட்டாணியக் குடும்பம். இந்த நீலப் பாண்டத்துக்குக் களிமண் கிடையாது, குவார்ட்ஸ் பொடிதான் அடிப்படை. ஆல்கலி அதிகமான கிளேஸ்ல தாமிரம் சேர்த்தா பச்சை கலந்த நீலம் வரும், கோபால்ட் சேர்த்தா அடர் நீலம். ஃபார்முலா அவங்க கையில இருந்தது. குருசரண் அதைக் கிட்ட இருந்து பார்த்தார்.

1919-ல் டோக்கியோவுக்குப் போய் செராமிக்ஸ் படிச்சார். அங்க பெர்னார்ட் லீச், ஹமாதா ஷோஜி, தொமிமோத்தோ கென்கிச்சி, யனாகி சோயெட்சு எல்லாம் நண்பர்களானாங்க. அவங்க ஊர்ல ஒரு டீ கிண்ணத்தை ரெண்டு கையாலயும் ஏந்தி ரசிப்பாங்க. படிச்சவங்களே சக்கரத்துல உட்காருவாங்க. அதே சமயம், பேர் தெரியாத கைவினைஞர் செஞ்ச சாதாரணப் பாத்திரத்துலதான் உண்மையான அழகுன்னு யனாகி பேசிட்டிருந்தார். கொஞ்சம் முரண்தான், ஆனா யோசிக்க வைக்கிற முரண்.

திரும்பி வந்ததும் எல்லாம் கூடி வரல. சொந்தமா டெல்லி ப்ளூ ஆர்ட் பாட்டரியை அவர் ஆரம்பிச்சது 1952-ல். நடுவுல கிட்டத்தட்ட 30 வருஷம்! அப்துல்லா குடும்பத்தோட நீலத்தை அங்க உயர்ந்த சூட்டுல சுடுற ஸ்டோன்வேருக்குக் கொண்டு வந்தார். தேடி வந்தவங்களுக்குக் கத்துக் கொடுத்தார். இன்னைக்கு இந்தியாவுல 'ஸ்டுடியோ பாட்டர்'னு ஒருத்தர் தன் கப் அடியில பேர் போடுறார்னா, அந்த வழியை முதல்ல போட்டவர் குருசரண்னு சொல்றாங்க. 1991-ல் பத்மஸ்ரீ கிடைச்சது. 1995-ல் காலமானார்.

இதை வெறும் வெற்றிக் கதையா உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல. அவரோட பங்கு பெரிசு, சந்தேகமே இல்ல. ஆனா டிகிரி வாங்கினவர் மண்ணைத் தொட்டா கலைஞர், தலைமுறை தலைமுறையா தொட்டவர் வெறும் குயவர்ங்கற கணக்கு நம்ம ஊர்ல இன்னும் மாறல. குருசரண் கிட்ட எனக்குப் பிடிச்சது இதுதான்: தன் நீலம் எங்கிருந்து வந்ததுன்னு அவர் மறைக்கல. அதனாலதான் அப்துல்லாங்கற பேர் நமக்கு இன்னைக்குத் தெரியுது.

ப்ளேஸ்மென்ட் முடிஞ்சு ஆஃபர் லெட்டரோட ஊருக்குப் போறப்ப, ஒரு சட்டி வாங்குங்க. பேரம் பேசறதுக்கு முன்னாடி, செஞ்சவர் பேரைக் கேளுங்க.