பாதி இருண்ட நிலாவும் காசினியும்

நிலவுக்குச் சொந்த ஒளி இல்லை என்பது நாம் எல்லோரும் ஆரம்பப் பள்ளியிலேயே படித்த பாடம். கதிரவனிடம் ஒளியைக் கடன் வாங்கி நமக்குத் தருகிறது. அதிலும் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 12 பங்களவே அது திருப்பி அனுப்புகிறது. பௌதிகம் பயிலும் எனக்கு இந்தச் சிறு பாடத்தின் ஆழம் ஒரு வானநூலாரின் வரலாற்றைப் படித்தபோதுதான் நன்கு விளங்கிற்று. அவரே காசினி.

ஜியோவன்னி டொமினிக்கோ காசினி 1625இல், இன்றைய இத்தாலியின் வடமேற்கே பெரினால்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 25ஆம் வயதில் பொலோஞா பல்கலைக் கழகத்தில் வானநூல் பேராசிரியரானார். அந்நகரின் சான் பெத்ரோனியோ தேவாலயத் தரையில் 1655இல் ஒரு நீண்ட கோட்டை அமைத்து, கூரைத் துளை வழியே அதன்மேல் விழும் வெயிலைக்கொண்டு சூரியனின் ஆண்டுப் போக்கை அளந்தார்.

அவர் புகழ் நாடு கடந்தது வியாழனின் துணைக்கோள்களால். 1610இல் கலிலியோ கண்ட அந்த நான்கு நிலாக்களும் வியாழனின் நிழலில் புகுந்ததும் அணைந்த விளக்குப்போல் மறையும். நிழலை விட்டு வெளிவந்ததும் மீண்டும் ஒளிரும். சொந்த ஒளி உடையனவாயின் நிழல் அவற்றை என்ன செய்ய முடியும்? அம்மறைவுகள் எந்த நேரத்தில் நிகழும் என்பதைக் கணித்து 1668இல் அட்டவணையாக வெளியிட்டார் காசினி. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அழைப்பு வந்தது. 1669இல் பாரிஸ் சென்றவர், சிறிது காலத்துக்கென்று போய் அங்கேயே குடியேறிவிட்டார். 1673இல் பிரெஞ்சுக் குடிமகனானார்; பெயரும் ழான் டொமினிக் என மாறிற்று. பிழைப்புக்கும் படிப்புக்குமாக வேற்று மண்ணில் வாழும் நமக்கு இது புதிய கதையன்று.

பாரிஸ் வானாய்வுக் கூடத்தில் 1671 அக்டோபரில் சனிக்கோளின் அருகே ஒரு புதிய துணைக்கோளைக் கண்டார். இன்று அதன் பெயர் ஐயாபெட்டஸ். சனிக்கு மேற்கே இருந்தபோது நன்றாகத் தெரிந்த அது, கிழக்கே வந்திருக்க வேண்டிய நாட்களில் காணப்படவேயில்லை. பின்னர் மறுபடியும் மேற்கே தோன்றிற்று. ஏறத்தாழ 79 நாளுக்கு ஒருமுறை இப்படியே நிகழ்ந்தது.

கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. காசினி அப்படிச் சொல்லவில்லை. இந்த நிலாவின் ஒரு பாதி வெளுப்பு, மறு பாதி கறுப்பு என்றார். நம் நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல் இதுவும் சனிக்கு ஒரே முகத்தையே காட்டிச் சுற்றுகிறது. ஆகவே மேற்கே வரும்போது வெளுத்த பாதியும், கிழக்கே வரும்போது கறுத்த பாதியும் நம்மை நோக்குகின்றன என்று விளக்கினார். 1672இல் ரியாவையும், 1684இல் டெதிஸ், டயோன் என்ற இரு துணைக்கோள்களையும் கண்டார். சனியின் வளையத்தைப் பிளக்கும் கருங்கோட்டை 1675இல் கண்டவரும் அவரே.

ஆயினும் இவ்வளவு கூர்மையான அறிவும் ஓரிடத்தில் இடறிற்று. வியாழனின் நிலா மறைவுகள், பூமி விலகிச் செல்லும் மாதங்களில் கணக்கிட்ட நேரத்துக்குப் பிந்தி நிகழ்ந்தன. ஒளி வந்துசேரக் காலம் பிடிக்கிறது என்ற எண்ணம் காசினிக்கே தோன்றியது. ஆனால் விரைவில் அதைக் கைவிட்டார். அவரோடு பணிபுரிந்த டேனிஷ் இளைஞர் ஓலே ரோமர், 1676இல் அதே எண்ணத்தைத் துணிந்து முன்வைத்தபோது காசினி அதை ஏற்க மறுத்தார். மற்ற மூன்று நிலாக்களின் கணக்கு ஒத்துவரவில்லை என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. உண்மையோ ரோமர் பக்கம் இருந்தது. மறைந்த நிலாவை நம்பியவரால், பிந்தி வந்த ஒளியை நம்ப முடியவில்லை!

1705இல், 80 வயதில், முன்னிலும் சிறந்த தொலைநோக்கியால் ஐயாபெட்டஸைக் கிழக்கிலும் மங்கலாகக் கண்டார். 34 ஆண்டுகளாகத் தேடிய ஒளிப்புள்ளி அது. பின்னர் அவருடைய கண்பார்வையே போயிற்று. 1712 செப்டம்பர் 14 அன்று பாரிஸில் காலமானார்.

அவர் பெயர் தாங்கி 1997இல் புறப்பட்ட விண்கலம் 2004இல் சனியை அடைந்து, 2007இல் ஐயாபெட்டஸை நெருங்கிப் படம் பிடித்தது. அவர் சொன்னது சரியே. கறுத்த பாதி ஒளியில் நூற்றுக்கு 5 பங்களவே திருப்புகிறது. வெளுத்த பாதியோ 50 பங்குக்கும் மேல். வெளியிலிருந்து வரும் கருந்தூசு ஒரு பக்கம் படிகிறது. கறுத்த இடம் வெயிலில் அதிகம் சூடேறுகிறது. அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த இடங்களில் போய் உறைகிறது. ஆகவே கறுப்பு மேலும் கறுக்கிறது, வெளுப்பு மேலும் வெளுக்கிறது. அந்தக் கரும்பகுதிக்கு இன்று காசினியின் பெயரே வழங்குகிறது.

சோதனைச் சாலையில் எதிர்பார்த்த அளவு வராத நாளெல்லாம் எனக்கு இந்தப் பெரியவரின் நினைவு வரும். கூடவே ரோமரின் நினைவும் வரும். இருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.