தொண்டரடிப்பொடியாழ்வார் வைபவம்

சோழநாட்டுத் திருமண்டங்குடியில், மார்கழிக் கேட்டையில், வனமாலையின் அம்சமாகத் திருவவதரித்தவர் விப்ரநாராயணர். திருவரங்கம் வந்து திருநந்தவனம் அமைத்து, அரங்கனுக்குத் திருமாலை கட்டிச் சமர்ப்பிப்பதையே வாழ்வாகக் கொண்டிருந்தார்.

தேவதேவி என்னும் கணிகையின்மேல் கொண்ட மோகம் அவ்வாழ்வைக் குலைத்தது. கைங்கர்யம் நின்றது, கைப்பொருள் கரைந்தது. பொருள் தீர்ந்தவுடன் அவரைப் புறந்தள்ளிக் கதவடைத்தார்கள். நந்தவனத்துக்குத் திரும்பவும் மனம் செல்லாமல், அவள் வாசலிலேயே கிடந்தார்.

பெரிய பிராட்டியார் பரிந்துரைக்க, நம்பெருமாள் விப்ரநாராயணரின் ஏவலாள் வடிவில் சென்று, தம் பொன்வட்டிலை அவளிடம் கொடுத்தருளினார் என்பது குருபரம்பரை காட்டும் வரலாறு. வட்டிலைக் களவாடிய பழி விப்ரநாராயணர்மேல் விழ, அரசன் ஆணையால் சிறைப்பட்டார். பெருமாளே அரசனுக்குக் கனவில் உண்மையை உணர்த்தி அவரை மீட்டருளினார்.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. சிறை திறந்ததோடு தம் பிழையும் தீர்ந்ததென்று அவர் இருந்துவிடவில்லை. பிராயச்சித்தம் யாதென்று பெரியோரை வினவி, பாகவதர்களின் ஸ்ரீபாததீர்த்தத்தை ஏற்றார். அடியார்க்கு அடிமையாயிருப்பதையே திருநாமமாகக் கொண்டு, மீண்டும் பூக்கூடை ஏந்தினார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையில் தம் பழைய நிலையை மறையாது விண்ணப்பித்தார். எக்குலத்தில் பிறந்தவராயினும் அடியார் தொழத்தக்கவரே என்றும் அருளிச்செய்தார். 10 பாசுரங்களான திருப்பள்ளியெழுச்சியால் இன்றும் அரங்கனைத் துயிலுணர்த்துகிறார்.

வாசலில் விழுந்துகிடந்தவரை அரங்கன் கைவிடவில்லை. வழிதவறிய ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால், நாமும் கதவடைக்காதிருப்போமாக.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவடிகளே சரணம்.