பட்டறையில் நான் சந்தித்த ஃபாரடே

அப்பாவின் பழைய காரில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும். ஒரு நாள் சாலையில் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பிய பிறகுதான் அது மேலே ஏறியது. அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. பழுது பார்க்க அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போனது. இனி முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு தனி மீட்டரை நானே பொருத்துவது என்று முடிவெடுத்தேன்.

நான் வாகனத் தொழில்நுட்ப மாணவன். எஸ்.பி.எம். தேர்வில் எனக்குக் கணிதம் கைகொடுக்கவில்லை. ஸ்பேனர் பிடிப்பவனுக்கு அறிவியல் எதற்கு என்று உறவினர் சிலர் நினைத்தனர். உண்மையில் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

இஞ்சின் நன்கு ஆறிய பின் கூலண்டை வடித்தேன். ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயை வெட்டி, இடையில் ஓர் உலோக இணைப்பைச் செருகி, அதில் சென்சாரைத் திருகினேன். கூலண்டை மீண்டும் நிரப்பி, மீட்டருக்குக் கம்பி இழுத்தேன். இஞ்சின் சூடேறியும் முள் அசையவில்லை!

சென்சார் கெட்டுவிட்டதோ? இஞ்சின் ஆறியதும் அதைக் கழற்றி வெந்நீரில் வைத்து, மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தேன். சூடு ஏற ஏற எண் மடமடவெனக் குறைந்தது. எனக்கு வியப்பு. செம்பு போன்ற உலோகங்களில் சூடு கூடினால் மின்தடையும் கூடும் என்றுதானே படித்தோம்? விரிவுரையாளரிடம் கேட்டேன். இந்தத் தலைகீழ்க் குணத்தை 1833இலேயே மைக்கேல் ஃபாரடே கண்டார் என்று சொல்லி, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் படிக்கச் சொன்னார்.

ஃபாரடே 1791ஆம் ஆண்டு லண்டனுக்கு அருகில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுதப் படிக்கவும் ஓரளவு கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 13 வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கேயே புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிப் படித்துவிட்டு, கைக்காசில் சிறு கருவிகள் செய்து சோதித்துப் பார்த்தார்.

1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் தந்த நுழைவுச் சீட்டால், புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை அழகாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பின்னர் டேவியோடு ஐரோப்பாவைச் சுற்றியபோது, அவரை வேலைக்காரனைப் போல் நடத்தியவர்களும் உண்டு. அவர் கற்பதை விடவில்லை.

1831இல் காந்தத்தின் அசைவால் மின்சாரம் உண்டாக்கலாம் என்று காட்டினார். இன்றைய மின்னாக்கிகளுக்கு அதுவே அடிப்படை. இரண்டு ஆண்டுகள் கழித்து வெள்ளி சல்பைடை விளக்கில் சூடாக்கியபோது, அதில் மின்சாரம் எளிதாகப் பாய்ந்தது, ஆறியதும் குறைந்தது. எதிர்பார்த்ததற்கு மாறான அந்த முடிவை அவர் ஒதுக்கிவிடாமல் பதிவு செய்தார். கல்லூரி வாசல் மிதிக்காத அவர், அதே 1833இல் வேதியியல் பேராசிரியரும் ஆனார்.

அந்தக் குணத்தைப் பயன்படுத்தும் வெப்பத் தடையிகள் கடைகளுக்கு வர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. என் கையிலிருந்த சென்சாருக்குள் இருப்பதும் அப்படி ஒன்றுதான்.

ஃபாரடேவுக்கும் உயர்கணிதம் வராது. தம் கருத்துகளைப் படங்களாகவும் கோடுகளாகவும் விளக்கினார். பின்னாளில் மேக்ஸ்வெல் அவற்றைச் சமன்பாடுகளாக்கினார். தேடி வந்த சர் பட்டத்தை மறுத்த ஃபாரடே, 1867இல் மறைந்தார்.

படித்து முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு முடிவு தவறாகத் தெரிந்தால் அவர் காரணத்தைத் தேடினார். நானோ பொருளைக் குறை சொல்லவிருந்தேன். மீண்டும் காருக்குச் சென்று ஒவ்வொரு கம்பியாகச் சோதித்துக் குறித்துக்கொண்டேன். சென்சாருக்கு ஒரே கம்பிதான். மின்சாரம் திரும்பும் வழி அதன் உலோக உடல். ஆனால் நான் வைத்த இணைப்பின் இரு பக்கமும் ரப்பர் குழாய்! திரும்பும் வழியே இல்லை. இணைப்பிலிருந்து காரின் உடலுக்கு ஓர் எர்த் கம்பி கொடுத்தேன். இஞ்சின் சூடேற, முள் மெல்ல ஏறி 90 பாகைக்கு அருகில் நின்றது. அப்பா அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, கைத்தொழில் கற்பவர்களுக்கு அறிவியல் தூரமில்லை. புத்தகம் கட்டிய கைகள்தான் அந்த முள்ளுக்கும் வழிகாட்டின. உங்கள் சோதனை எதிர்பார்த்தபடி வராவிட்டால், அதை அழித்துவிடாதீர்கள். முதலில் குறித்து வையுங்கள்.