வேகத்துக்குக் கடிவாளம் போட்டவர்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, எதை எழுதுவது என்று கொஞ்ச நாள் குழம்பினேன். விடை கிடைத்தது சென்னையிலிருந்து எங்கள் ஊரான படவேட்டுக்குக் கார் ஓட்டிப் போன ஒரு நாளில்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வழக்கம்போல க்ரூஸ் கண்ட்ரோல் பொத்தானை அழுத்தினேன். மீட்டரில் விளக்கு எரிந்தது. ஆனால் வேகம் பிடித்து நிற்கவில்லை. ஆற்காட்டில் திரும்பி ஆரணி வழியாக ஊர் போய்ச் சேரும்வரை மிதியில் வைத்த காலை எடுக்க முடியாமல் போயிற்று. அந்த எரிச்சலில், இதை முதலில் யார்தான் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். செய்தவருக்குக் கண் தெரியாது! படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் பெயர் ரால்ஃப் டீட்டர். 1890 ஆகஸ்டு 17 அன்று அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். 5 வயதில் கத்தி பட்டு ஒரு கண் போயிற்று. ஓராண்டுக்குள் மற்றக் கண்ணின் பார்வையும் போய்விட்டது. ஆனால் வீட்டார் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. ரயில் பாதையைச் சோதிக்கும் சிறு வண்டிகள் செய்த குடும்பம் அது. பட்டறையே பிள்ளைக்கு விளையாட்டு மைதானம். 12 வயதில், உறவுப் பையன் ஒருவனோடு சேர்ந்து பெட்ரோலில் ஓடும் காரையே செய்துவிட்டார்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த நீவா டியர்டார்ஃப் என்ற உறவுப் பெண் துணையாக இருந்தார். 1912-ல் பட்டம் பெற்றார். இஞ்சினீயரிங் டிராயிங் பேப்பரைக் கண்டு நாமெல்லாம் எப்படி அலறினோம் என்பதை நினைத்துப் பாருங்கள்!

முதல் உலகப் போரின்போது நாசகாரிக் கப்பல்களின் நீராவி டர்பைன் சுழலிகளைச் சமநிலைப்படுத்துவது பெரும் தலைவலியாக இருந்தது. அசுர வேகத்தில் சுற்றும் சுழலியில் எடை துளி ஒருபக்கமாகச் சாய்ந்தாலும் அதிர்வு கிளம்பி தாங்கிகளைத் தின்றுவிடும். கேம்டன் கப்பல் கட்டும் தளத்தில் அதற்கு வழி கண்டவர் டீட்டர். அதிர்வைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் உணரலாம். இந்த வேலைக்குப் பிறந்த கை அவருடையது.

பிறகு ஊர் திரும்பி, பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்ற பெயரில் பிஸ்டன் ரிங் செய்த குடும்பக் கம்பெனியில் உழைத்தார். 1936-ல் அமெரிக்க ஆட்டோமொபைல் இஞ்சினீயர்கள் சங்கத்தின் தலைவரானார். 1946-ல் கம்பெனிக்கும் தலைவரானார்.

க்ரூஸ் கண்ட்ரோல் பிறந்த கதை சுவையானது. அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, பேசினால் வண்டி மெதுவாகுமாம், கேட்டுக்கொண்டிருந்தால் வேகமெடுக்குமாம். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி வந்த டீட்டருக்கு அலுத்துப் போயிற்று என்பார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1950-ல் கிடைத்தது.

அந்தச் சாதனம் எப்படி வேலை செய்தது? நீராவி இஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் வைத்த கவர்னரை நாம் படித்திருக்கிறோம். சுற்றும் எடைகள் வேகம் கூடக்கூட வெளியே விரியும். டீட்டரும் அதையே எடுத்துக்கொண்டார். முன்பலகைத் திருகில் ஒரு வேகம் வைத்துவிட்டால், வண்டி அதைத் தொட்டதும் எடைகள் விரிந்து ஸ்பிரிங்கை வெல்லும். ஆக்சிலேட்டர் மிதி காலைத் திருப்பித் தள்ளும். மற்றவர்கள் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்ட வேகத்தை இவர் உள்ளங்காலுக்குச் சொல்லிக் கொடுத்தார். காலை எடுத்தாலும் வேகம் நிற்கும் பூட்டு பிறகு சேர்ந்தது. 1958-ல் கிறைஸ்லர் கம்பெனி தன் உயர்ரகக் கார்களில் இதைக் கொடுத்தது.

இன்று எடைகள் போய் எலக்ட்ரானிக்ஸ் வந்துவிட்டது. தத்துவம் அதேதான்: வேகத்தை அள, வைத்த வேகத்தோடு ஒப்பிடு, வித்தியாசத்தைத் திருத்து. கோளாறையும் இந்த வரிசையில் தேடினால் அகப்படும். முதலில் ஃபியூஸ். அடுத்து பிரேக் மிதி ஸ்விட்ச். மிதி அழுந்தியிருப்பதாக அது பொய் சொன்னால், பாதுகாப்புக் கருதி கண்ட்ரோல் வேலை செய்யாது. பின்பக்கம் பிரேக் விளக்கு எரிகிறதா, அணைகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கியர் வண்டியில் கிளட்ச் ஸ்விட்சும் உண்டு. ஏ.பி.எஸ். அல்லது இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வேக சென்சாரைச் சோதிக்க வேண்டும். ஹாரனும் சேர்ந்து அடிக்காவிட்டால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒயர் நாடாவைச் சந்தேகிக்கலாம். பழைய வண்டியானால் வேக்குவம் குழாயில் விரிசலோ, கேபிள் இறுக்கமோ இருக்கும். என் வண்டியில் குற்றவாளி பிரேக் ஸ்விட்ச்தான். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: மழை ஈரத்திலும் நெரிசலிலும் இதைப் போடவே கூடாது.

டீட்டர் 1982 பிப்ரவரி 15 அன்று காலமானார். அவர் படைத்த சாதனம் உலகெங்கும் ஓடுகிறது.

இதை எழுதும்போது என் தாத்தா ஞாபகம் வருகிறது. ஆரணிப் பட்டு நெய்தவர். கடைசிக் காலத்தில் பார்வை மங்கியும், பாவில் அறுந்த இழையை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்து முடி போடுவார். கால் மிதியில் ஏதாவது கனம் மாறினால் உடனே சொல்லிவிடுவார். நாங்களோ, போதும் தாத்தா, கண்ணு போச்சு என்று தறியிலிருந்து இறக்கித் திண்ணையில் உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. ஹேகர்ஸ்டவுனில் அந்த வீட்டார் செய்யாத தவறை நாங்கள் செய்துவிட்டோம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் ஏதோ ஒரு குறையோடு ஒருவர் வந்து சேர்ந்தால், பாவம் என்று ஒதுக்காதீர்கள். நீவா அக்காபோல் பக்கத்தில் உட்காருங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.