பித்தப்பைக்குப் பெயர் தந்த எலும்பு வைத்தியர்

பித்தப்பைக் கல்லோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போகிறவருக்கு கலோ என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. கத்தி எடுக்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கோ அது மருத்துவபீடத்திலேயே மனப்பாடமான பெயர்.

ஜான் பிரான்சுவா கலோ 1861இல் பிரான்சின் பிரெனீஸ் மலைக் கிராமமான அரென்ஸில் பிறந்தவர். பாரிஸில் மருத்துவம் படித்தார். பித்தப்பையை வெட்டி அகற்றுவது அப்போது புத்தம்புது வேலை; பேர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக அதைச் செய்தது 1882இல்தான். கலோ அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1891இல் ஆய்வு வெளிவந்தது.

ஈரலில் ஊறும் பித்தம் ஒரு கான் வழியே குடலுக்கு இறங்குகிறது. பித்தப்பையின் சிறிய கான் பக்கத்திலிருந்து வந்து அதில் சேர்கிறது. மேலே பித்தப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி. இந்த மூன்றுக்கும் இடைப்பட்ட சின்ன முக்கோணத்தைத்தான் கலோ விபரித்தார். பையின் கானையும் நாடியையும் கட்டி வெட்டலாம். ஈரலிலிருந்து வரும் கானைத் தொடவே கூடாது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதுதான் சிக்கல். சிலருக்குப் பையின் கான் மிகக் குட்டை. சிலருக்கு அது பெரிய கானோடு ஒட்டியபடியே வெகுதூரம் இறங்கிப்போய்ச் சேரும். ஈரலுக்குப் போகும் வலது நாடி வளைந்து உள்ளே வந்து, பையின் நாடி மாதிரியே தோற்றம் காட்டும். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இரண்டு பித்தப்பைகள். அபூர்வமாகச் சிலருக்குப் பை இடப்பக்கம் ஒட்டியிருக்கும். கானை மாறி வெட்டினால் பித்தம் வயிற்றுக்குள் கசியும், இல்லாவிட்டால் அடைபட்டுக் காமாலை வரும். பித்தக் கான் காயப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணம் பிரித்தானியாவின் அந்தனி ஈடன். 1953இல் லண்டனில் நடந்த சத்திரசிகிச்சையில் அவருடைய கான் சேதமாக, திருத்துவதற்கு பொஸ்டன் வரை போனார். அதற்குப் பிறகும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது.

கலோ வாழ்நாளைக் கழித்தது வேறு துறையில். வட பிரான்சில் பேர்க் என்ற கடற்கரை ஊரில், எலும்புக் காசநோய் வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்தார். 1896இல் கூன் முதுகுகளைப் பலவந்தமாக நிமிர்த்தி, பரிஸ் சாந்துக் கட்டுப் போட்டுப் பரபரப்பை உண்டாக்கினார். ஆபத்து தெரிந்ததும் அந்த முறை கைவிடப்பட்டது. 1944இல் காலமானார்.

அவருடைய முக்கோணமும் அப்படியே நிற்கவில்லை. மேல் எல்லையாக அவர் வைத்த நாடி ஆளுக்காள் மாறும். இன்று ஈரலின் அடிப்பக்கத்தையே எல்லையாகக் கொள்கிறார்கள். அந்த இடத்தைத் துப்புரவாக்கி, பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் போவதைக் கண்ணால் கண்ட பிறகே வெட்ட வேண்டும் என்பது 1995இலிருந்து வழிகாட்டியாக இருக்கிறது. தெளிவாகத் தெரியாவிட்டால் கமெராவை எடுத்துவிட்டு வயிற்றைத் திறப்பார்கள். கமெரா ஒப்பரேஷனுக்குப் போனவர் நீளத் தையலோடு வீடு வந்தால் ஏதோ பிழை நடந்துவிட்டதென்று ஊரில் பேசிக்கொள்வோம். பெரும்பாலும் அது பிழை நடக்காமலிருக்கப் போட்ட தையல்.